சுவத்துல எட்டே எட்டு போட்டோ

அம்மா அப்பாவுக்கு கல்யாணம் ஆனது 1984ல, அதனால 2024ல 40 வருஷம் நிறைஞ்சுது. அதுக்கு பாளையங்கோட்டை வீட்டு ஹால்ல மாட்ட ஒரு பெரிய போட்டோ கொலாஜ் பண்ணி குடுக்கணும்னு நான் மூணு மாசமா சொந்தக்காரங்க எல்லார்கிட்டயும் கேட்டு கேட்டு போட்டோ சேர்த்தேன். மொத்தம் 64 போட்டோ. ஒரு ரெடிமேட் டெம்ப்ளேட்ல எல்லாத்தையும் கட்டம் கட்டமா போட்டு, 2 அடிக்கு 3 அடி பிரிண்ட் எடுத்து, பிரேம் பண்ணி மாட்டியாச்சு. எல்லாரும் வந்தாங்க, நல்லா இருக்குன்னு சொன்னாங்க, கேக் வெட்டினாங்க, போயிட்டாங்க.

மறுநாள் காலையில அம்மா காபி டம்ளரோட அதுக்கு முன்னாடி நின்னு கண்ணாடிய மூக்குல ஏத்தி ஏத்தி பாத்துட்டு, "எல்லாரும் இருக்காவ, ஆனா ஒருத்தரையும் பாக்க முடியலையேட்டி"ன்னு சொன்னாங்க. குறை சொல்ற மாதிரி இல்ல, சும்மா உள்ளத சொன்னாங்க. எனக்கு அந்த வார்த்தை அப்படியே நின்னுடுச்சு. டேப் எடுத்து அளந்து பாத்தேன். ஒரு போட்டோவுக்கு கிடைச்ச இடம் சுமார் மூணரை இன்ச்சு சதுரம், அதுல எங்க குடும்ப குரூப் போட்டோல 22 பேர், ஒவ்வொருத்தர் முகமும் துவரம்பருப்பு அளவு. சோபாவுல உக்காந்து பாத்தா அது முகம்னே தெரியாது, கலர் புள்ளி தான் தெரியும்.

அதுக்கப்புறம் தான் இந்த விஷயத்த உக்காந்து யோசிச்சு, திரும்ப முதல்ல இருந்து பண்ணேன். இப்ப அதே சுவத்துல இருக்கறது எட்டே எட்டு போட்டோ. அம்மா தினமும் பாக்குறாங்க. 64ல இருந்து 8க்கு எப்படி வந்தேன்னு கேட்டு ரெண்டு மூணு பேர் மெசேஜ் பண்ணியிருந்தீங்க, அதனால விரிவாவே எழுதுறேன்.

முதல்ல எங்க தாத்தா பத்தி சொல்லணும், ஏன்னா எனக்கு இதுல வாத்தியாரு அவரு தான் (நிஜமாவே பள்ளிக்கூட வாத்தியார் தான்). அந்த காலத்து வீடுகள்ல, சலூன்ல, டீக்கடையில எல்லாம் பாத்திருப்பீங்க, ஒரே கண்ணாடி சட்டத்துக்குள்ள பத்து பதினஞ்சு சின்ன போட்டோ ஒட்டி வெச்சிருப்பாங்க. எங்க வீட்லயும் பட்டாசலைல, அதாவது வீட்டு கூடத்துல, நிலைக்கு மேல அப்படி ஒண்ணு இருந்துச்சு, தாத்தா தன் கையால கறுப்பு சார்ட் பேப்பர்ல மைதா பசை போட்டு ஒட்டினது. கொலாஜ்ங்கற பிரெஞ்சு வார்த்தைக்கே ஒட்டுறதுன்னு தான் அர்த்தம், அந்த கணக்குல எங்க வீட்டோட முதல் கொலாஜ் அது தான். இந்த தடவை ஊருக்கு போனப்ப அத கீழ இறக்கி தரையில வெச்சு ரொம்ப நேரம் பாத்தேன். நடுவுல பெரிய குடும்ப போட்டோ ஒண்ணு, அத சுத்தி நல்ல இடைவெளி விட்டு சின்னது பன்னெண்டு. மேல இன்னும் நாலு போட்டோ ஒட்ட இடம் இருக்கு, ஆனா ஒட்டல, கறுப்பா வெறுமையா விட்டிருக்காரு. அந்த வெறும் இடம் இருக்கறதால தான் நடு போட்டோ பத்தடி தள்ளி நின்னாலும் கண்ணுக்கு வருது. நான் டெம்ப்ளேட்ல ஒரு இன்ச்சு கூட விடாம நிரப்பியிருந்தேன்.

பழைய வீடுகள்ல போட்டோவ ஏன் அவ்வளவு உயரத்துல, முன்னாடி சாஞ்ச மாதிரி மாட்டுனாங்கன்னும் அப்ப தான் புரிஞ்சுது. ஆணியில கயிறு போட்டு மாட்டி, கீழ் விளிம்பு சட்டத்துல தங்கற மாதிரி வெச்சா மேல் பக்கம் தன்னால முன்னாடி சாயும், கீழ பாயில உக்காந்து பாக்குறவங்களுக்கு நேரா முகம் தெரியும், வாசல் வெளிச்சம் கண்ணாடியில அடிக்காது. அந்த வீட்டு உக்காரும் பழக்கத்துக்கு அது சரியான உயரம். இப்ப சோபா வந்துடுச்சு, மியூசியங்கள்ல படத்தோட நடுப்பகுதி தரையில இருந்து சுமார் 57 இன்ச்சுல வர்ற மாதிரி மாட்டுறது வழக்கம், ஆனா அது நின்னுகிட்டு பாக்குறவங்களுக்கான கணக்கு. எங்க ஹால்ல யாரும் நின்னு பாக்கறதில்ல, எதிர்ல உள்ள சேர்ல உக்காந்து தான் பாப்பாங்க, அம்மாவும் உயரம் கம்மி, அதனால நான் 54 இன்ச்சு வெச்சேன். மூணு இன்ச்சு தானேன்னு தோணும், மாட்டிப் பாத்தா வித்தியாசம் தெரியும்.

சரி, 64ல இருந்து குறைச்ச கதை. இதுல கஷ்டம் போட்டோ தேர்ந்தெடுக்கறதுல இல்ல, ஆள தேர்ந்தெடுக்கறதுல. சித்தி போட்டோ இருந்தா மாமா போட்டோ இருக்கணும், பெரியப்பா பேரன் இருந்தா அத்தை பேத்தி இருக்கணும், ஒண்ணு விட்டா மனசு கஷ்டப்படுவாங்க. அப்படி பங்கு போட்டு தான் முதல் தடவை 64 ஆச்சு. ரெண்டாவது தடவை நான் யார் இருக்காங்கன்னு பாக்காம, அந்த போட்டோல என்ன நடக்குதுன்னு மட்டும் பாத்தேன். கேமராவ பாத்து வரிசையா நிக்கற போட்டோ எல்லாத்தையும் ஒரு பக்கம் ஒதுக்கினேன். மிச்சம் இருந்தது பதினெட்டு. அப்பா சைக்கிள்ல என்னை முன்னாடி கம்பியில உக்கார வெச்சு ஓட்டுறது, ஆச்சி முறத்துல அரிசி புடைக்கறது, அம்மா கல்யாணத்தன்னைக்கு குனிஞ்சு எதையோ தேடுறது (மெட்டி கழண்டு விழுந்துச்சாம்), தம்பி தாமிரபரணில குதிக்கறதுக்கு ஒரு செகண்ட் முன்னாடி காத்துல இருக்கறது. இந்த மாதிரி போட்டோவ சுவத்துல வெச்சா பாக்குறவங்க "இது எப்ப, எங்க"ன்னு கேப்பாங்க. வரிசையா நிக்கற போட்டோவ பாத்து யாரும் எதுவும் கேக்கறதில்ல.

ஆளுங்க விஷயத்துக்கு நான் கண்டுபிடிச்ச வழி, முகங்களுக்குன்னு தனியா ஒரு கொலாஜ். நடையில, அதாவது ஹால்ல இருந்து அடுக்களைக்கு போற வழியில, 24 முகம், ஒவ்வொண்ணும் 3 இன்ச்சு சதுரம், வரிசைக்கு எட்டு, மூணு வரிசை, நடுவுல கால் இன்ச்சு வெள்ளை. இதுல ஒரே கண்டிஷன் தான், எல்லா தலையும் ஒரே சைஸ், எல்லா கண்ணும் கட்டத்துல ஒரே உயரத்துல வரணும். கம்ப்யூட்டர்ல ஒரு கோடு போட்டு வெச்சுகிட்டு ஒவ்வொரு முகத்தையும் அந்த கோட்டுல கண்ணு வர்ற மாதிரி இழுத்து வெச்சேன், இத மட்டும் பண்ண ரெண்டு ராத்திரி ஆச்சு. ஆனா இத பண்ணதால தான் அது கொலாஜா நிக்குது, இல்லாட்டி ஒருத்தர் முகம் பூசணிக்கா மாதிரி பெருசாவும் பக்கத்துல உள்ளவர் தூரத்துல நிக்கற மாதிரியும் இருக்கும். எல்லாரும் ஒரே அளவு, பெரியவங்க சின்னவங்க பேதம் இல்ல, யாரும் கோவிச்சுக்கவும் இல்ல. கண்ணு ஒரே கோட்டுல இருக்கறதால ஒருத்தர் ஜாடை இன்னொருத்தர்கிட்ட இருக்கறது பளிச்சுன்னு தெரியுது. தாத்தா புருவம் அப்படியே என் தம்பி மகனுக்கு இருக்குன்னு இத்தனை வருஷத்துல யாரும் கவனிச்சதில்ல.

இங்க பிக்சல் கணக்கு கொஞ்சம் சொல்லணும், இது தெரியாம தான் நிறைய பேர் பிரிண்ட் கெடுத்துக்கறாங்க. கையில வெச்சு பாக்கற தூரத்துல ஒரு போட்டோ கூர்மையா தெரியணும்னா இன்ச்சுக்கு 300 பிக்சல் வேணும். அஞ்சாறு அடி தள்ளி நின்னு பாக்கறதுக்கு 150 இருந்தாலே தாராளம். நடையில ரெண்டடி தூரத்துல பாப்பாங்க, அப்ப 3 இன்ச்சு முகத்துக்கு 900 பிக்சல். வாட்ஸப்ல சாதாரணமா அனுப்புற போட்டோ நீளப் பக்கம் சுமார் 1600 பிக்சலுக்கு சுருங்கிடும். ஒரு ஆள் மட்டும் உள்ள போட்டோன்னா அது போதும், ஆனா குரூப் போட்டோல இருந்து ஒரு முகத்த மட்டும் வெட்டி எடுத்தா நூறு நூத்தம்பது பிக்சல் கூட தேறாது, பிரிண்ட்ல கட்டம் கட்டமா வரும். அதனால எல்லாருக்கும் திரும்ப போன் பண்ணி, "போட்டோவா அனுப்பாதீங்க, டாக்குமெண்டா அனுப்புங்க"ன்னு சொல்லி, பெரியப்பாவுக்கு வீடியோ கால்ல எங்க அமுக்கணும்னு காமிச்சு வாங்கினேன். டாக்குமெண்டா வந்தா சுருங்காம அப்படியே வரும்.

பழைய போட்டோவுக்கு ஸ்கேனர் தான், போன்ல படம் பிடிச்சா வளைவும் வரும், மேல நம்ம நிழலும் விழும். பிரிண்ட் அளவுக்கே திரும்ப போடணும்னா 300 டிபிஐ (இன்ச்சுக்கு 300 புள்ளி) போதும், ரெண்டு மடங்கு பெருசாக்கணும்னா 600. ஆச்சிக்கு தனியா நல்லா எடுத்த போட்டோ ஒண்ணு தான் இருந்துச்சு, தாத்தா போனப்புறம் குடும்ப பென்ஷனுக்காக எடுத்த பாஸ்போர்ட் சைஸ். 35க்கு 45 மில்லிமீட்டர். அத 1200 டிபிஐல ஸ்கேன் பண்ணா 1650க்கு 2100 பிக்சல் கிட்ட வருது, 8க்கு 10 இன்ச்சு சைஸ்ல தூரத்துல இருந்து பாக்க தாராளமா போதும். ஆபீஸ் முத்திரை ஊதா கலர்ல ஆச்சி தோள்ல பாதி வட்டமா விழுந்திருந்துச்சு. அத அழிச்சிடலாம்னு தம்பி சொன்னான், நான் வேண்டாம்னுட்டேன். மாசாமாசம் அந்த பென்ஷன் புக்க மஞ்சப்பையில வெச்சு எடுத்துட்டு ஆச்சி எங்களோட பஸ் ஏறி போனது அந்த முத்திரையில தான் இருக்கு.

இன்னொண்ணு, இத கட்டாயம் சொல்லணும். மங்கின முகத்த தெளிவாக்கற ஆப் இப்ப நிறைய இருக்கு. அரிசி புடைக்கற போட்டோல ஆச்சி முகம் கொஞ்சம் கலங்கலா இருந்துச்சுன்னு ஒண்ணுல போட்டு பாத்தேன். முகம் கண்ணாடி மாதிரி வந்துச்சு, கண்ணிமை முடி ஒவ்வொண்ணும் தெரியுது. ஆச்சி பாம்படம் போட்டிருந்தவங்க, காது தோள்பட்டை வரைக்கும் தொங்கும், அந்த கனமான தங்கம் ஆடுற சத்தம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. அந்த ஆப்புக்கு பாம்படம்னா என்னன்னு தெரியல. தொங்கற காத முடின்னு நெனச்சு முடியாக்கிடுச்சு, மேல சின்னதா வேற யாரோட காதோ வெச்சிருக்கு. அந்த ஆப் எல்லாம் இருக்கற விவரத்த மீட்டு எடுக்கறதில்ல, தான் பழகின ஆயிரக்கணக்கான முகங்கள்ல இருந்து ஊகிச்சு புதுசா வரையுது. அம்மாகிட்ட காமிச்சப்ப ரொம்ப நேரம் பாத்துட்டு "யாரு இது"ன்னு கேட்டாங்க. அவங்கள பெத்தவங்க முகம் அது. கலங்கலா இருந்தாலும் நிஜமான போட்டோ தான் சுவத்துக்கு போகணும், சின்னதா போட்டா கலங்கல் தெரியாது, நான் அத 5க்கு 7ல போட்டேன், அழகா இருக்கு.

தாத்தா சட்டத்துல இருந்த நடு போட்டோவ எடுக்கறதுல ஒரு தப்பு பண்ணிட்டேன், அதையும் சொல்லிடறேன், நீங்க பண்ணிடாதீங்க. அந்த போட்டோவுக்கும் கண்ணாடிக்கும் நடுவுல இடைவெளியே இல்ல, வருஷக்கணக்கா ஐப்பசி கார்த்திகை மழை ஈரத்துல போட்டோ மேல உள்ள ஜெலட்டின் இளகி கண்ணாடியோட ஒட்டிக்கிச்சு. தெரியாம ஒரு மூலைய நகத்தால லேசா தூக்கினேன். நக அளவுக்கு படம் கண்ணாடியிலயே நின்னுடுச்சு, சித்தி பாவாடை ஓரம், பேப்பர்ல வெள்ளையா ஆயிடுச்சு. எனக்கு கை நடுங்கிடுச்சு. 60 வருஷம் தாங்கின போட்டோ. ஒட்டிக்கிட்ட போட்டோவ பிரிக்கவே கூடாது, கண்ணாடியோட சேர்த்து தான் நகல் எடுக்கணும். சில ஸ்கேனர்ல கண்ணாடிக்கு மேல கொஞ்சம் தள்ளி இருந்தாலே மங்கலாயிடும், எங்க தெருவுல உள்ள கடையில இருந்தது அந்த மெல்லிசு வகை, சரியா வரல. கடைசியில மேகமா இருந்த ஒரு நாள் முற்றத்துல வெச்சு, ஒரு கறுப்பு பெட்ஷீட்ல லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு, கேமராவ அதுக்குள்ள விட்டு, தம்பியும் மதினியும் ரெண்டு பக்கம் துணிய விரிச்சு பிடிக்க, நேர் மேல இருந்து எடுத்தேன். கறுப்பு துணி மேல இருந்தா கண்ணாடியில வேற எதுவும் பிரதிபலிக்காது. ஒரு பளபளப்பு கூட இல்லாம வந்துச்சு.

இனிமே அப்படி ஒட்டாம இருக்க ஒரு வழி தான், போட்டோவுக்கும் கண்ணாடிக்கும் நடுவுல மவுண்ட் போர்டு. ஜன்னல் மாதிரி வெட்டின அந்த அட்டை அழகுக்குன்னு நெனச்சுட்டு இருந்தேன், அது காத்து இடைவெளிக்காகவும் தான். பிரேம் கடையில "மவுண்ட் வேணாம், செலவு கம்மி"ன்னு சொல்லுவாங்க, விட்டுக்கொடுக்காதீங்க. அப்புறம் ஒரிஜினல் போட்டோ எதையும் சுவத்துல மாட்டவே மாட்டாதீங்க, நகல் மட்டும் தான் சுவத்துக்கு. ஒரிஜினல் பேப்பர் கவர்ல போட்டு பீரோவுல இருக்கட்டும். 80, 90கள்ல வந்த ஒட்டுற ஆல்பம் இருக்கே, பக்கத்துல பசை தடவி மேல பிளாஸ்டிக் தாள் மூடுவாங்களே, அதுல உங்க போட்டோ இருந்தா இன்னைக்கே எடுத்துடுங்க. வரலன்னா பல்லிடுக்குல விடுற டென்டல் ப்ளாஸ் நூல போட்டோவுக்கு அடியில விட்டு மெதுவா அறுத்த மாதிரி இழுத்தா வந்துடும்.

இப்ப அடுக்கறது. எனக்கு இதுல ரொம்ப பிடிச்ச பகுதி.

சோபா நீளம் 6 அடி, அதாவது 72 இன்ச்சு. அதுக்கு மேல மாட்டற கொலாஜ் மூணுல ரெண்டு பங்கு அகலம் வந்தா கண்ணுக்கு சரியா இருக்கும், 48 இன்ச்சு கிட்ட. நான் நடுவுல தாத்தா சட்டத்துல இருந்த அந்த குடும்ப போட்டோ 16க்கு 20ல (வரிசையா நிக்கற போட்டோல இத மட்டும் ஒதுக்கல), அதோட ரெண்டு பக்கமும் 8க்கு 10 ரெண்டு ரெண்டா மேலயும் கீழயும், வலது ஓரத்துல மட்டும் 5க்கு 7 மூணு. எல்லா இடைவெளியும் 2 இன்ச்சு. மொத்தம் 43 இன்ச்சு அகலம் வந்துச்சு. வலது பக்கம் மட்டும் ஒரு வரிசை கூடுதலா இருக்கறதால பெரிய போட்டோ நட்ட நடுவுல உக்காராம கொஞ்சம் இடது பக்கம் தள்ளி இருக்கு, அது தான் உயிரோட்டமா இருக்கு. வரிசைகளோட உயரம் வேற வேற, 20, 22, 25 இன்ச்சு, மேல் விளிம்பு கீழ் விளிம்பு எல்லாம் ஒரே கோட்டுல வராது, ஆனா எல்லாத்துக்கும் நடுக்கோடு ஒண்ணு தான். அந்த ஒரு கோடு சரியா இருந்தா மத்தது கொஞ்சம் முன்ன பின்ன இருந்தாலும் கண்ணு ஏத்துக்கும்.

ஆணி அடிக்கறதுக்கு முன்னாடி பழைய தினசரி பேப்பர அந்தந்த சைஸ்ல வெட்டி செல்லோ டேப்ல சுவத்துல ஒட்டி நாலு நாள் விட்டோம். அப்பா போகும்போதும் வரும்போதும் பாத்து "இது கொஞ்சம் ஏறிக்கிட்டு இருக்கு"ன்னு நகத்துவாரு. ஸ்விட்ச் போர்டு பக்கத்துல வர்றது, கதவு திறந்தா இடிக்கறது, காலைல ஏழு மணிக்கு கிழக்கு ஜன்னல் வெயில் எந்த இடத்துல விழுதுங்கறது எல்லாம் அந்த நாலு நாள்ல தான் தெரிஞ்சுது. வெயில் நேரா விழற இடத்துல போட்டோ வைக்கவே கூடாது, சாயம் மங்கிடும். எங்க முதல் திட்டம் அந்த வெயில் சுவரு தான், பேப்பர் ஒட்டினதால தப்பிச்சோம்.

எந்த போட்டோ எந்த பக்கம்ங்கறதுக்கு நான் பாக்கறது ஒண்ணே ஒண்ணு, அதுல உள்ளவங்க எந்த பக்கம் பாக்கறாங்க இல்ல எந்த பக்கம் போறாங்க. அப்பா சைக்கிள் போட்டோல வண்டி வலது பக்கம் போகுது. அத வலது ஓரத்துல வெச்சு பாத்தேன், அப்பா கொலாஜ விட்டு வெளிய ஓட்டிட்டு போற மாதிரி இருந்துச்சு, நம்ம கண்ணும் அவர் கூடவே போய் ஜன்னல்ல நின்னுடும். இடது ஓரத்துக்கு மாத்தினதும் சைக்கிள் எல்லாரையும் நோக்கி வருது. தம்பி ஆத்துல குதிக்கற போட்டோ மேல இருந்தா கீழ விழற இடம் இருக்கும், கீழ வெச்சா சோபாவுக்குள்ள விழுவான். ஆச்சி குனிஞ்சு முறத்த பாக்கறாங்க, அவங்களுக்கு கீழ தம்பி மகன் தொட்டில்ல படுத்து மேல பாக்கறான். ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்ததே இல்ல, அவன் பொறக்கறதுக்கு முன்னாடியே ஆச்சி போயாச்சு. சுவத்துல பாத்துக்கறாங்க.

பார்வை சரியில்லன்னு போட்டோவ திருப்பி, கண்ணாடி பிம்பம் மாதிரி போட்டுடலாம்னு தோணும். பண்ணாதீங்க. நம்ம ஆளுங்க போட்டோல அது உடனே மாட்டிக்கும், சேலை முந்தானை வலது தோளுக்கு போயிடும், சட்டைப்பை வலது பக்கம் வந்துடும், பின்னாடி கடை போர்டு இருந்தா எழுத்து இடம் வலமா மாறி நிக்கும். முந்தானைய யாரும் கவனிக்க மாட்டாங்கன்னு நெனச்சேன். சித்தி வந்து ரெண்டு செகண்ட்ல "என்னட்டி அக்கா சேலை மாறி கட்டியிருக்கா"ன்னு கேட்டாங்க.

கலர் விஷயத்துல எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எல்லாத்தையும் கறுப்பு வெள்ளையா மாத்திட்டா ஒண்ணுபோல இருக்கும்னு எல்லாரும் சொல்றாங்க, நான் பண்ணல. கறுப்பு வெள்ளையா எடுத்தது அப்படியே இருக்கட்டும், அதோட பழுப்பும் இருக்கட்டும். அம்மாவோட கூரைப்புடவை அரக்குல பச்சை கரை, அத சாம்பல் கலராக்க எனக்கு மனசு வரல. ஆனா 1984 கல்யாண போட்டோ எல்லாம் செக்கச்செவேல்னு ஆயிருந்துச்சு, அந்த காலத்து கலர் பிரிண்ட் நிறையதுல நீலப்பச்சை சாயம் மத்ததுக்கு முன்னாடியே மங்கிடும், மிச்சம் சிவப்பு தூக்கலா நிக்கும். ஸ்கேன்ல சிவப்ப கொஞ்சம் இறக்கி, பின்னாடி இருந்த வெள்ளை வேட்டி வெள்ளையா வர்ற வரைக்கும் சரி பண்ணேன். முழுசா இன்னைக்கு எடுத்த மாதிரி ஆக்கல, பாதியில நிறுத்திட்டேன். கொஞ்சம் பழசு தெரிஞ்சா தான் பக்கத்துல உள்ள கறுப்பு வெள்ளையோட ஒத்துப்போகுது. போன்ல எடுத்த புது போட்டோ ரெண்டுலயும் கலர்ர கொஞ்சம் குறைச்சேன், இல்லாட்டி அது மட்டும் கத்துற மாதிரி இருந்துச்சு.

லேப்ல குடுக்கும்போது ஒரு விஷயம் கேட்டுக்கோங்க. போன் கேமரா போட்டோ பெரும்பாலும் 4க்கு 3 விகிதம், லேப்ல வழக்கமான 4க்கு 6 பேப்பர் 3க்கு 2 விகிதம். அப்படியே போட்டா அரை இன்ச்சு எங்கயாவது வெட்டுப்படும், அது தலையா காலான்னு மெஷின் முடிவு பண்ணும். முதல் தடவை ஒரு லேப்ல அப்பாவோட செருப்பு போடாத பாதத்த வெட்டிட்டாங்க, கூடவே கலர்ர தானாவே பிரகாசமாக்கி வெச்சிருந்தாங்க, நான் பாடுபட்டு இறக்கின சிவப்பு திரும்ப வந்துடுச்சு. அப்புறம் வேற இடத்துல, நானே சரியான சைஸ்க்கு வெட்டி குடுத்து, "கரெக்‌ஷன் எதுவும் பண்ணாதீங்க, உள்ளபடி போடுங்க"ன்னு சொல்லி, முதல்ல ஒரே ஒரு சின்ன பிரிண்ட் போட்டு வீட்டு வெளிச்சத்துல பாத்துட்டு தான் மிச்சத்த போட்டேன். பேப்பர் மேட் தான், எதிர்ல டியூப்லைட் இருக்கற ஹால்ல பளபளப்பு பேப்பர் போட்டா லைட்டு தான் தெரியும், ஆள் தெரியாது.

மாட்டறது பத்தி சுருக்கமா. எங்களுது பழைய சுண்ணாம்பு சுவரு, டிரில் போட்டா பொலபொலன்னு கொட்டும், அதனால ஆசாரி அண்ணாச்சி ஒருத்தர வர வெச்சு மரச்சட்டம் ரெண்டு அடிச்சு அதுல கொக்கி போட்டோம். ரசமட்டம் வெச்சு பாத்து பாத்து மாட்டுனாரு. பிரேம் பின்னாடி கீழ் ரெண்டு மூலையிலயும் சின்ன ரப்பர் துண்டு ஒட்டிடுங்க, சுவத்த ஒட்டாம காத்து போகும், மழைக்காலத்துல ஈரம் ஏறாது.

அம்மாவுக்கு ஒரு தயக்கம் இருந்துச்சு. ஆச்சி தாத்தா போட்டோவ உயிரோட இருக்கறவங்க, அதுவும் தொட்டில் பிள்ளை பக்கத்துல வைக்கலாமான்னு. நான் வாதாடல. பூஜை ரூம்ல மாலை போட்டு பொட்டு வெச்ச போட்டோ அப்படியே இருக்கட்டும்மா, அது சாமி, இது அரிசி புடைக்கற ஆச்சின்னு சொன்னேன். ஒரு நாள் யோசிச்சுட்டு, ஆச்சி மேல் வரிசையில இருக்கணும், அவ்வளவு தான்னு சொன்னாங்க. முன்னாடியே அங்க தான் இருந்துச்சு.

அடுக்களை சுவத்துக்கு ஒண்ணு தனியா பண்ணேன். டேவிட் ஹாக்னிங்கற இங்கிலாந்து ஓவியர் 1982ல போலராய்டு கேமராவ வெச்சு ஒரே ஆள, ஒரே அறைய துண்டு துண்டா பல படமா எடுத்து, வெள்ளை ஓரத்தோட கட்டம் கட்டமா அடுக்கி ஒரே படமா ஆக்கினாரு. ஒவ்வொரு துண்டும் வேற வேற நிமிஷம், அதனால நேரம் நகர்றது தெரியும். அந்த முறையில அம்மா கைமுறுக்கு சுத்தறத ஒன்பது படமா எடுத்தேன், முகமே இல்ல, கை மட்டும். முதல் கட்டத்துல மாவு உருண்டை, ஒன்பதாவதுல முழு முறுக்கு, நடுவுல விரல் முறுக்கிக்கிட்டே வட்டம் வட்டமா போகுது. கட்டை விரல் நகத்துல மாவு காஞ்சு வெடிச்சிருக்கறது கூட தெரியுது. எண்ணெய் புகை படற இடம்ங்கறதால அத மட்டும் லேமினேட் பண்ணிட்டேன், துணி வெச்சு துடைச்சா போதும்.

போன வாரம் சித்தி ஹால்ல உக்காந்திருந்தப்ப பெரிய போட்டோவ, அதான் கண்ணாடியோட எடுத்தேனே அது, பாத்துக்கிட்டே இருந்தாங்க. பின் வரிசையில ஓரமா ஒரு பையன், பத்து வயசு இருக்கும், அரை டவுசர், கையில ஒரு பம்பரம். யாருன்னு இதுவரைக்கும் யாருக்கும் தெரியாது, தாத்தா சட்டத்துல அந்த முகம் கடுகு மாதிரி இருந்ததால கேக்கவும் தோணல. 16க்கு 20ல வந்தப்புறம் சித்தி எழுந்து கிட்ட போயி, "இது நம்ம பால்காரர் மவன்லா, போட்டோ எடுக்க வந்தவர் இவனையும் நில்லுன்னு சொன்னாரு, தாத்தா சரின்னுட்டாவ"ன்னு சொன்னாங்க. பேரும் சொன்னாங்க. நான் பீரோவுல இருந்து அந்த போட்டோவோட கவர எடுத்து, பென்சில்ல, வலது ஓரம் பின் வரிசைன்னு போட்டு அந்த பேர எழுதி வெச்சேன்.